கண்ணால் அளந்த வானம்

நுழையும்முன்

நிலவு ஏன் தேய்கிறது என்னும் வினாவிற்கு, 'புவியின் நிழல் அதன்மீது விழுவதால்' என்று படித்தவர்களும் விடை கூறுவதுண்டு. அவ்விடை தவறானது. அது தவறென்று அறியத் தொலைநோக்கியோ ஆய்வகமோ தேவையில்லை. வளர்பிறை எட்டாம் நாள் பிற்பகலில் வீட்டு முற்றத்தில் நின்று வானத்தை ஒருமுறை நோக்கினால் போதும். பிறர் சொல்லக் கேட்டு நம்புவது வேறு; தாமே கண்டு தெளிவது வேறு. கண்டு தெளிவதற்கான எளிய வழிகள் சிலவற்றை இப்பாடம் காட்டுகிறது.

சுழலும் புவியும் நகரும் வானமும்

கதிரவன் கிழக்கில் எழுகிறது, மேற்கில் மறைகிறது. நிலவும் விண்மீன்களும் அவ்வாறே செல்கின்றன. வானம் முழுவதும் நம்மைச் சுற்றி வருவதுபோல் தோன்றும் இக்காட்சிக்குக் காரணம், புவி மேற்கிலிருந்து கிழக்காகத் தன்னைத்தானே சுற்றுவதே ஆகும். ஓடும் படகில் இருப்பவருக்குக் கரையிலுள்ள மரங்கள் பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றுவதுபோல, நிலையான விண்மீன்கள் மேற்கு நோக்கிச் செல்வதாகத் தோன்றுகின்றன என்னும் விளக்கத்தைக் கி.பி. 499-ஆம் ஆண்டைச் சார்ந்த 'ஆரியபட்டீயம்' என்னும் நூலில் ஆரியபட்டர் அளித்துள்ளார்.

புவி ஒருமுறை தன்னைச் சுற்ற எவ்வளவு நேரம் ஆகும்? 24 மணி நேரம் என்பது நாம் பழகிய விடை. வானத்தைக் கேட்டால் அது வேறு விடை தரும். ஒரு விண்மீன் இன்று இரவு 8 மணிக்குத் தோட்டத்துத் தென்னையின் உச்சிக்கு நேராகத் தெரிகிறது எனக் கொள்வோம். நாளை அதே இடத்தில் நின்று பார்த்தால் 7.56 மணிக்கே அது அங்கு வந்துவிடும். ஏறத்தாழ 23 மணி 56 நிமிடங்களில் புவி ஒரு முழுச் சுழற்சியை முடித்துவிடுகிறது. அதற்குள் தன் பாதையில் கதிரவனைச் சுற்றிச் சற்று நகர்ந்திருப்பதால், கதிரவனை மீண்டும் அதே திசையில் காண இன்னும் நான்கு நிமிடங்கள் சுழல வேண்டியுள்ளது.

இந்த நான்கு நிமிடங்களைச் சிறிதென எண்ணலாகாது. ஒரு மாதத்தில் அது இரண்டு மணி நேரமாகிறது. ஓராண்டில் ஒரு முழு நாளாகிறது. மார்கழி மாத முன்னிரவில் கிழக்கே திருவாதிரை செந்நிறமாய் எழுவதும், ஆடி மாத முன்னிரவில் தென்வானில் தேள் வடிவ விண்மீன் கூட்டம் வளைந்து கிடப்பதும் இதனால்தான். பருவங்கள் மாறுவதுபோலவே இரவு வானமும் மாறுகிறது. கடிகாரமும் நாட்காட்டியும் இல்லாத காலத்தில் உழவரும் கடலோடிகளும் இம்மாற்றத்தைக் கொண்டே காலத்தைக் கணித்தனர்.

பிறையும் நிழலும்

நிலவுக்குத் தன்னொளி இல்லை. கதிரவனின் ஒளி பட்ட பகுதி மட்டுமே ஒளிர்கிறது. ஒரு பந்தின்மீது ஒரு பக்கத்திலிருந்து விளக்கொளி பட்டால் அதன் ஒரு பாதி எப்போதும் ஒளி பெற்றிருக்கும். மறுபாதி எப்போதும் இருண்டிருக்கும். நிலவும் அத்தகையதே. அதன் ஒளிபெற்ற பாதியில் எவ்வளவு பகுதி நம்மை நோக்கியிருக்கிறது என்பதே பிறையின் அளவைத் தீர்மானிக்கிறது. கதிரவன் இருக்கும் திசையிலேயே நிலவும் இருந்தால் அதன் இருண்ட பக்கம் நம்மை நோக்கும், அது மறைநிலவு. கதிரவனுக்கு எதிர்த்திசையில் இருந்தால் ஒளிபெற்ற பக்கம் முழுவதும் தெரியும், அது முழுநிலவு.

புவியின் நிழலுக்கு இதில் பங்கில்லை என்பதை எவ்வாறு அறிவது? வளர்பிறை எட்டாம் நாளையொட்டிய பிற்பகலில் கதிரவன் மேற்கே சாய்ந்திருக்கும். அப்போதே கிழக்கு வானில் அரைநிலவு வெளிறித் தெரியும். புவியின் நிழல் எப்போதும் கதிரவனுக்கு நேர் எதிரே விழுவது. கதிரவன் வானில் இருக்கும்போது அந்நிழல் நம் காலடிக்குக் கீழே, தொடுவானத்திற்கு அப்பால் இருக்கும். வானில் இருக்கும் நிலவின்மேல் அது விழ வழியில்லை. ஆயினும் நிலவு பாதியாகவே தெரிகிறது. எனவே, பிறை புவியின் நிழலால் உண்டாவதன்று.

அதே வேளையில் ஓர் எலுமிச்சம் பழத்தை வெயிலில் நின்று நிலவிருக்கும் திசையில் நீட்டிப் பிடித்துப் பாருங்கள். நிலவின் எப்பாதி ஒளிர்கிறதோ அப்பாதியே பழத்திலும் ஒளிர்வதைக் காண்பீர்கள். கையிலுள்ள கனிக்கும் பல நூறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலவுக்கும் ஒரே கதிரவன் ஒரே திசையிலிருந்து ஒளி தருவதை இதைவிட எளிதாக விளக்க இயலாது.

பிறையைக் கூர்ந்து நோக்குவோர் இன்னும் சிலவற்றைக் காணலாம். மூன்றாம் பிறையின் இருண்ட பகுதி முற்றிலும் மறைந்துவிடுவதில்லை. சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். புவியில் பட்டுத் திரும்பிய கதிரவனின் ஒளியே அங்கு அவ்வாறு படர்ந்திருக்கிறது. பிறையின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு விண்மீன் ஒளிர்வதாக ஓவியங்களில் தீட்டுவதுண்டு. அவ்விடத்தில் நிலவின் இருண்ட உடல் இருப்பதால் அதற்கு அப்பாலுள்ள எந்த விண்மீனும் அங்குத் தெரியாது.

திதியும் நாள்மீனும்

நிலவு நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடங்கள் தாழ்ந்து எழுகிறது. ஏன்? நிலவு விண்மீன்களுக்கிடையே நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 பாகை கிழக்கு நோக்கி நகர்கிறது. கதிரவனும் அதே திசையில் நாளொன்றுக்கு ஒரு பாகை நகர்வதாகத் தோன்றுகிறது. எனவே, நிலவு கதிரவனைவிட்டு ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 12 பாகை விலகுகிறது. புவி ஒரு பாகை சுழல நான்கு நிமிடங்கள் ஆகும். 12 பாகை சுழல 48 நிமிடங்கள் ஆகும். அதற்குள் நிலவு இன்னும் சற்று நகர்ந்துவிடுவதால் தாழ்ச்சி சராசரியாக 50 நிமிடங்கள் ஆகிறது.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் இக்கணக்கு முழுவதும் அடங்கியுள்ளது. கதிரவனிலிருந்து நிலவு 12 பாகை விலகும் காலமே ஒரு திதி. வட்டத்தின் 360 பாகைக்கு 30 திதிகள். ஒரு மறைநிலவிலிருந்து அடுத்த மறைநிலவு வரையுள்ள காலம் ஏறத்தாழ 29.5 நாள். ஆனால், ஒரு விண்மீனின் அருகிலிருந்து புறப்பட்ட நிலவு மீண்டும் அதே விண்மீனை அடைய 27.3 நாள்களே ஆகின்றன. நிலவின் பாதையை அசுவினி முதல் இரேவதி வரை 27 நாள்மீன்களாகப் பகுத்ததன் அடிப்படை இதுவே. அந்த 27 நாள்களில் கதிரவனும் 27 பாகை நகர்ந்துவிடுவதால், அதனை எட்டிப் பிடிக்க நிலவுக்கு மேலும் இரண்டு நாள்களுக்குச் சற்று மிகுதியாகத் தேவைப்படுகிறது. 27.3 நாள் 29.5 நாளாவது இவ்வாறுதான்.

மாதப் பெயர்களும் வானத்திலிருந்தே பிறந்தன. சித்திரை மாதத்து முழுநிலவு சித்திரை விண்மீனின் அருகிலும், வைகாசி மாதத்து முழுநிலவு விசாகத்தின் அருகிலும், கார்த்திகை மாதத்து முழுநிலவு கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் அருகிலும் தோன்றும். தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்தரம் ஆகிய விழாக்களின் பெயர்களிலும் மாதமும் விண்மீனும் இணைந்தே நிற்கின்றன. கார்த்திகைத் திருநாளன்று விளக்கேற்றிவிட்டுத் தலையை உயர்த்திப் பார்ப்பவர், முழுநிலவின் அருகே அவ்விண்மீன் கூட்டம் நெருங்கி நிற்பதைக் காணலாம்.

மறைப்புகள் உணர்த்திய உண்மை

முழுநிலவு நாளில் புவி, கதிரவனுக்கும் நிலவுக்கும் இடையில் இருக்கிறது. அவ்வாறாயின் ஒவ்வொரு முழுநிலவு நாளிலும் நிலவு மறைப்பு ஏன் நிகழ்வதில்லை? நிலவின் பாதை, புவி கதிரவனைச் சுற்றும் தளத்திற்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்துள்ளது. நிலவின் தோற்ற அகலமோ அரைப்பாகைதான். ஆதலால், பெரும்பாலான மாதங்களில் நிலவு புவி நிழலின் மேலாகவோ கீழாகவோ விலகிச் சென்றுவிடுகிறது. இரு தளங்களும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளின் அருகே முழுநிலவு நேர்ந்தால் மட்டுமே மறைப்பு உண்டாகும். அப்புள்ளிகளையே நம் வானியல் மரபு இராகு, கேது எனப் பெயரிட்டு வழங்கியது. பாம்பு விழுங்குவதாகக் கதை கூறப்பட்ட நாட்டிலேயே, நிழலால்தான் மறைப்பு நேர்கிறது என்னும் உண்மையை ஆரியபட்டர் எழுதிவைத்தார் என்பது எண்ணத்தக்கது.

நிலவின்மேல் விழும் புவி நிழலின் விளிம்பு எப்போதும் வட்டத்தின் பகுதியாகவே இருக்கிறது. எத்திசையிலிருந்து ஒளி பட்டாலும் வட்ட நிழலைத் தருவது கோளம் மட்டுமே. புவி கோள வடிவினது என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டினார் கிரேக்க அறிஞர் அரிசுடாட்டில். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிசுடார்க்கசு, நிலவு மறைப்பை அளந்து, புவியின் அகலம் நிலவின் அகலத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு எனக் கணித்தார். இன்றைய அளவீட்டின்படி நிலவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். புவியின் விட்டம் ஏறத்தாழ 12,740 கிலோமீட்டர். அஃதாவது, மூன்றே முக்கால் மடங்கிற்குச் சற்றுக் குறைவு. கண்ணையும் அறிவையும் மட்டும் கொண்டு அவர் இவ்வளவு நெருங்கி வந்திருக்கிறார்.

ஆயிரம் கிலோமீட்டரை ஒரு சென்டிமீட்டராகச் சுருக்கிக் கொள்வோம். புவி உரித்த தேங்காய் அளவினதாகும். நிலவு எலுமிச்சம் பழம் அளவினதாகும். இரண்டையும் எவ்வளவு தொலைவில் வைப்பது? பாடநூல் படங்களைக் கண்டு பழகியவர் ஒரு சாண் தொலைவில் வைப்பர். உண்மையான தொலைவோ 3,84,400 கிலோமீட்டர்; நம் அளவில் 3.84 மீட்டர். வகுப்பறையின் ஒரு மூலையில் தேங்காயையும் நான்கு எட்டுக்கு அப்பால் எலுமிச்சையையும் வைக்க வேண்டும். கதிரவனை வைக்க வேண்டுமாயின் ஏறத்தாழ 14 மீட்டர் அகலமுள்ள உருண்டையை ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் நிறுத்த வேண்டும்.

நம் மண்ணில் வானியல்

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வானாய்வகம் ஒன்று அமைக்கப்பட்டது. அங்குப் பணியாற்றியவர்களுள் குறிப்பிடத்தக்கவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. தொலைநோக்கியில் விண்மீன்களின் இடங்களை இரவுதோறும் குறிப்பது அவர்தம் பணி. 1867-இல், ஒளி கூடியும் குறைந்தும் மாறும் விண்மீன் ஒன்றை அவர் கண்டறிந்தார். 1868 ஆகஸ்டு 18 அன்று நிகழ்ந்த முழுக் கதிரவ மறைப்பை ஆராய வனபர்த்திக்குச் சென்றார். 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

அவருக்கு மற்றொரு கவலையும் இருந்தது. பழைய வாய்பாடுகளைக் கொண்டு கணித்த பஞ்சாங்கங்கள், வானில் கண்ட நிலையோடு ஒத்துவரவில்லை. நூலில் இருப்பதும் வானில் இருப்பதும் வேறுபட்டால் எதனைத் திருத்துவது? வானத்தைத் திருத்த இயலாது. நூலைத்தான் திருத்த வேண்டும் என்பது அவர்தம் முடிவு. கண்டறிந்த நிலைகளுக்கேற்பக் கணக்கிட்ட பஞ்சாங்கத்தை வெளியிடுவதில் அவர் ஈடுபட்டார். 1874-இல் கதிரவனின் முகத்தை வெள்ளிக்கோள் கடந்து சென்ற நிகழ்வு குறித்து மக்களுக்கு விளக்கும் சிறுநூலையும் எழுதினார். மரபை மதித்தவர் அவர். மரபின் பிழையை மறைக்காதவரும் அவரே.

1899-இல் கொடைக்கானலில் கதிரவ ஆய்வகம் நிறுவப்பட்டது. கதிரவப் புள்ளிகளில் வளிமங்கள் ஆரவாட்டில் பாய்வதை 1909-இல் ஜான் எவர்செட் அங்குக் கண்டறிந்தார். பின்னர் விண்மீன்களை ஆராய உகந்த இருண்ட வானைத் தேடிய வைணு பாப்பு, சவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தார். 1960-களின் இறுதியில் சிறிய தொலைநோக்கியுடன் அங்குப் பணி தொடங்கியது. இன்று 2.34 மீட்டர் அகலமுள்ள ஆடியைக் கொண்ட பெருந்தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கி அங்கு நிற்கிறது.

நம் நிலத்தின் இருப்பிடமே வானியலுக்கு ஒரு வாய்ப்பாகும். துருவ விண்மீன் தொடுவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுவே நாம் நிற்கும் இடத்தின் வட அகலாங்கு. கன்னியாகுமரியில் அது 8 பாகை. சென்னையில் 13 பாகை. கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. ஒரு கைமுட்டியைக் கொண்டே தாம் நிற்கும் ஊரைப் புவியில் குறித்துவிடலாம். வடக்கே துருவ விண்மீனையும் தெற்கே அகத்திய விண்மீனையும் ஒரே இரவில் தெளிவாகக் காணும் பேறு நமக்குண்டு. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அகத்திய விண்மீன் எழுவதே இல்லை.

ஒரு பகல் உழைத்த கலம்

நிலவு தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் காலமும் புவியை ஒருமுறை சுற்றும் காலமும் ஒன்றே. ஆதலால் அதன் ஒரு பக்கத்தையே நாம் என்றும் காண்கிறோம். மறுபக்கத்தை 1959-இல் சோவியத்தின் லூனா 3 படம் பிடித்த பிறகே மனிதர் கண்டனர். மறுபக்கம் என்பது இருண்ட பக்கமன்று. அங்கும் பகலும் இரவும் மாறி மாறி வருகின்றன. நிலவின் ஒரு பகல் புவியின் 14 நாள்களுக்கும் மேற்பட்டது, இரவும் அவ்வாறே.

தமிழகத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேலைத் திட்ட இயக்குநராகக் கொண்டு உருவான சந்திரயான் 3, 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியை நெருங்கிய இடத்தில் இறங்கியது. அந்நாள் தற்செயலாக அமைந்ததன்று. இறங்குமிடத்தில் பொழுது புலர்ந்த வேளை அது. விக்ரம் தரையிறங்கு கலமும் பிரக்யான் ஊர்தியும் கதிரவ ஒளியால் இயங்குபவை. நிலவின் ஒரு பகற்பொழுதே அவற்றின் பணிக்காலம். செப்டம்பர் முதல் வாரத்தில், அங்குப் பொழுது சாயுமுன் அவை உறக்க நிலைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. முற்றத்தில் நின்று நாம் காணும் பிறைக் கணக்கே, விண்கலத்தின் ஆயுளையும் வகுத்தது.

நாம் இழந்துவரும் இருள்

காவலூருக்கு ஆய்வகம் சென்றதற்குக் காரணம் இருள். அவ்விருள் நம் ஊர்களில் குறைந்துகொண்டே வருகிறது. பெருநகரத்து மாணவர் பலர் பால்வழியைக் கண்டதில்லை. வானை நோக்கிச் சிதறும் தெருவிளக்கொளியும் விளம்பர ஒளியும் மங்கலான விண்மீன்களை விழுங்கிவிடுகின்றன. இழப்பு நமக்கு மட்டுமன்று. சென்னைக் கடற்கரையில் பொரிந்து வெளிவரும் பங்குனி ஆமைக் குஞ்சுகள், கடலின் மேலுள்ள மெல்லிய ஒளியை நோக்கிச் செல்லும் இயல்புடையவை. கரையிலுள்ள விளக்குகள் அவற்றைத் திசைமாற்றிவிடுகின்றன. காற்று மாசும் நீர் மாசும் அகலப் பல்லாண்டுகள் தேவை. ஒளி மாசோ விளக்கை அணைத்த நொடியே அகலும். தேவையான இடத்தில், தேவையான அளவில், கீழ்நோக்கி மட்டும் ஒளி விழுமாறு விளக்கமைத்தால் போதும்.

நிலவிலிருந்து ஒளி நம்மை அடைய ஏறத்தாழ 1.3 நொடி ஆகிறது. கதிரவனிலிருந்து எட்டு நிமிடங்களுக்குச் சற்று மிகுதியாகிறது. இரவு வானின் மிகு ஒளியுடைய விண்மீனான சிரியசிலிருந்து எட்டரை ஆண்டுகளுக்கும் மேலாகிறது. நீங்கள் மூன்றாம் வகுப்பில் படித்த காலத்தில் புறப்பட்ட ஒளி இன்றிரவு உங்கள் கண்ணை அடைகிறது. அதனை வரவேற்க நீங்கள் வாசலுக்கு வரவேண்டும். வாசல் விளக்கைச் சற்றே அணைக்கவும் வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. மறைநிலவுக்குப் பின் மூன்றாம் நாள் தொடங்கி, முழுநிலவு வரை மாலை 6.30 மணிக்கு ஒரே இடத்தில் நின்று நிலவின் வடிவத்தையும் திசையையும் வரைந்து, வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

2. தொடுவானில் எழும் முழுநிலவு பெரிதாகத் தோன்றுகிறது. நீட்டிய கையின் சுண்டுவிரலால் அதனை மறைத்துப் பார்க்க. உச்சிக்கு வந்தபின் மீண்டும் அவ்வாறே அளந்து, நீங்கள் அறிந்ததை எழுதுக.

3. உங்கள் தெருவிலுள்ள விளக்குகளில் வானை நோக்கி ஒளி சிந்துபவை எத்தனை எனக் கணக்கெடுத்து, அவற்றைச் சீரமைக்க வேண்டி உள்ளாட்சி அலுவலருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதுக.

குறுவினா

1. திதி என்பது யாது?
2. துருவ விண்மீனின் உயரத்தால் நாம் அறிவது என்ன?

சிறுவினா

1. பிறைகள் புவியின் நிழலால் உண்டாவன அல்ல என்பதை நிறுவுக.
2. 'வானத்தைத் திருத்த இயலாது; நூலைத்தான் திருத்த வேண்டும்' – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா

கண்டறிதலே அறிவின் அடிப்படை என்பதை இப்பாடத்திலுள்ள சான்றுகள்வழி விளக்குக.